எந்தப் புகையில் என்ன இருக்கிறது? நுண்துகளின் வேதிக் கலவையை வைத்து மூலத்தைக் கண்டறிவது

கேள்வி: வாகனப் புகை, விறகுப் புகை, நிலக்கரிப் புகை, மண்தூசு எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் காற்றில் மிதக்கின்றன. அதை ஒரு வடிகட்டித் தாளில் பிடித்துவிட்டு, இதில் வாகனம் இவ்வளவு, விறகு இவ்வளவு என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? ஒவ்வொரு மூலத்தின் வேதிக் கலவையும் அந்த அளவுக்கு வேறுபடுமா?

பதில்:

வேறுபடும். ஆனால் பலரும் எதிர்பார்க்கிற இடத்தில் அந்த வேறுபாடு இருக்காது. துகளின் எடையில் பெரும்பங்கு வகிக்கும் பொருள்கள் ஏறக்குறைய எல்லா மூலங்களுக்கும் பொதுவானவை. மூலத்தைக் காட்டிக்கொடுப்பவை எடையில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாத சில உலோகங்களும் கரிமச் சேர்மங்களும்தான். அவற்றிலும் எந்த ஒரு பொருளும் தனியாக நின்று சாட்சி சொல்லாது. பொட்டாசியம் இருக்கிறது, ஆகவே விறகுப் புகை என்று யாராவது ஒரே வரியில் முடித்தால் அந்த அறிக்கையை அங்கேயே மூடிவிடலாம். விகிதங்களையும், பல பொருள்கள் சேர்ந்து ஏறி இறங்கும் விதத்தையும் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

முதலில் எடைக் கணக்கு. காற்றியக்க விட்டம் 2.5 மைக்ரோமீட்டருக்குள் அடங்கும் துகள்களைத்தான் பி.எம். 2.5 என்கிறோம். அதைப் பிரித்தால் கரிமப் பொருள், தனிமக் கார்பன் (கறுப்பாகத் தெரியும் புகைக்கரி), சல்பேட், நைட்ரேட், அம்மோனியம், மண் தாதுக்கள், கடல் உப்பு, கொஞ்சம் ஈரம் ஆகியவை கிடைக்கும். ஈயம், செம்பு, வனேடியம் போன்ற சுவட்டு உலோகங்கள் நானோகிராம் கணக்கில்தான் இருக்கும்.

இதில் சல்பேட், நைட்ரேட், அம்மோனியம் மூன்றும், கரிமப் பொருளில் ஒரு பெரும்பகுதியும் புகைபோக்கியிலிருந்து துகளாக வெளிவருவதில்லை. வாயுவாக வெளியேறி, காற்றில்தான் துகளாகின்றன. சல்ஃபர் டை ஆக்சைடு வெயிலில் ஹைட்ராக்சில் என்ற, எதனோடும் எளிதில் வினைபுரியும் இயங்குறுப்புடன் வினைபுரிந்து சல்பேட்டாக மாற நாள் கணக்காகும். மேகத்திலோ பனிமூட்டத்திலோ நீர்த்துளிக்குள் புகுந்து ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால் வெகு விரைவில் மாறிவிடும். அதற்குள் காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்திருக்கலாம். எனவே வடிகட்டியில் உள்ள சல்பேட்டை எடுத்துக் காட்டி, இது அந்தக் குறிப்பிட்ட புகைபோக்கியிலிருந்து வந்தது என்று வேதிக் கலவையை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை. இப்படிக் காற்றில் உருவாகும் இரண்டாம் நிலைத் துகளுக்கு ஊர் பேர் கிடையாது. இந்தத் துறையின் மிகப் பெரிய வரம்பு இதுதான். பல அறிக்கைகள் இதைப் பூசி மெழுகிவிட்டுப் போகின்றன.

இனி மூலங்களுக்கு வருவோம்.

விறகு, சருகு, வைக்கோல்

மரத்திலும் வைக்கோலிலும் இருக்கும் செல்லுலோஸ் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையும்போது லெவோகுளூகோசான் என்ற நீரிழந்த சர்க்கரை உருவாகிறது. பெட்ரோலிலும் டீசலிலும் செல்லுலோஸ் இல்லை, ஆகவே அவற்றின் புகையில் இது வராது. செல்லுலோஸ் எரிப்புக்கு இதைவிட நல்ல அடையாளப் பொருள் இன்றுவரை இல்லை. ஹெமிசெல்லுலோஸிலிருந்து மன்னோசான், கலாக்டோசான் இரண்டும் வருகின்றன. லெவோகுளூகோசானுக்கும் மன்னோசானுக்கும் உள்ள விகிதம் எரிந்தது எந்த வகை என்று ஓரளவு சொல்லும். ஊசியிலை மரங்களுக்கு இந்த விகிதம் பெரும்பாலும் ஒற்றை இலக்கம். அகன்ற இலை மரங்களுக்குப் பத்துக்கு மேல். பயிர்த் தாளுக்கு இன்னும் அதிகம். லிக்னின் சிதைவில் வரும் மெத்தாக்ஸிஃபீனால்களும் கைகொடுக்கும்: ஊசியிலை மரத்தில் குவாயசில் வகை மட்டும் மேலோங்கும், அகன்ற இலை மரத்தில் சிரிஞ்சில் வகையும் சேர்ந்து வரும்.

நீரில் கரையும் பொட்டாசியமும் இந்தப் புகையில் உண்டு. பயிர்த் தாள் எரிந்தால் அதோடு குளோரைடும் தூக்கலாக இருக்கும், ஏனென்றால் தாளில் குளோரின் அதிகம். ஆனால் பொட்டாசியத்தை நம்புவதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, மண்ணிலும் கடல் உப்பிலும் பட்டாசிலும் குப்பை எரிப்பிலும் பொட்டாசியம் இருக்கிறது. இரண்டு, தீ கொழுந்துவிட்டு எரியும்போது பொட்டாசியம் அதிகம் ஆவியாகிப் புகையில் சேரும். புகைந்து கருகும்போது பொட்டாசியம் குறைந்து, கரிமப் பொருளும் லெவோகுளூகோசானும் எகிறும். ஒரே விறகு, ஒரே அடுப்பு, ஆனால் காலையில் ஒரு விகிதம், தீ அடங்கும் நேரத்தில் வேறு விகிதம். எங்கோ அளந்த ஒரு விகிதத்தை அப்படியே எடுத்து வேறோர் இடத்தில் பெருக்கினால் கணக்கு உதைக்கும்.

லெவோகுளூகோசானும் நிரந்தரமல்ல. ஹைட்ராக்சில் இயங்குறுப்பு அதை நாள் கணக்கில் அரித்துவிடும். தொலைவிலிருந்து வந்த பழைய புகையில் லெவோகுளூகோசானை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விறகின் பங்கு குறைவாகத்தான் தெரியும். பொட்டாசியம் அப்படி அழிவதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்து அளப்பதே புத்திசாலித்தனம்: பொட்டாசியம் இருந்து லெவோகுளூகோசான் தேய்ந்திருந்தால், புகை பழையதாக இருக்கலாம் அல்லது பொட்டாசியம் வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம்.

வாகனங்கள்

வடிகட்டி இல்லாத பழைய டீசல் இன்ஜினின் துகளில் பாதிக்கு மேல் தனிமக் கார்பன். பெட்ரோல் இன்ஜினில் கரிமக் கார்பன்தான் மேலோங்கும், குறிப்பாக இன்ஜின் குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது. இதனால்தான் கரிமக் கார்பனுக்கும் தனிமக் கார்பனுக்கும் உள்ள விகிதம் குறைந்தால் டீசல் என்று சொல்லும் பழக்கம் வந்தது. துகள் வடிகட்டி பொருத்திய புதிய டீசல் வண்டிகளில் தனிமக் கார்பன் பெருமளவு குறைந்துவிடுவதால், அந்தப் பழைய விகிதம் இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது.

இரண்டு வகை இன்ஜினிலும் மசகு எண்ணெய் கொஞ்சம் எரிகிறது. அந்த எண்ணெயில் கச்சா எண்ணெயிலிருந்து தங்கிவந்த ஹோப்பேன், ஸ்டெரேன் சேர்மங்கள் இருக்கும். வாகனப் புகைக்கு இவைதான் மூலக்கூறு அடையாளம். எண்ணெயில் சேர்க்கும் தேய்மானத் தடுப்புப் பொருளிலிருந்து துத்தநாகமும் பாஸ்பரஸும், கழுவுபொருளிலிருந்து கால்சியமும் வரும். பெட்ரோலையும் டீசலையும் பிரிக்க பென்சோபெரிலீன், கொரோனீன் போன்ற கனமான பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் ஓரளவு உதவும். அவை பெட்ரோல் புகையில் தூக்கலாக இருக்கும். ஆனாலும் இந்த இரண்டையும் பிரிப்பது இந்தத் துறையில் கடினமான வேலைகளில் ஒன்று. ஹோப்பேன் இரண்டுக்கும் பொது. புகை கக்கும் பழைய பெட்ரோல் வண்டியின் கலவை டீசலை ஒத்துப்போகும்.

புகைக்குழாயோடு வாகனத்தின் கதை முடிவதில்லை. வார்ப்பிரும்பு பிரேக் தட்டு தேய்வதால் இரும்பு, உராய்வுப் பட்டையிலிருந்து செம்பு, பேரியம், ஆன்டிமனி, சிர்கோனியம், தகரம் எல்லாம் வருகின்றன. பேரியம் சல்பேட் நிரப்பியாகவும், ஆன்டிமனி சல்பைடு உராய்வைச் சீராக்கவும் சேர்க்கப்படுகின்றன. செம்பும் ஆன்டிமனியும் பேரியமும் சேர்ந்து ஏறினால் பிரேக் என்று துணிந்து சொல்லலாம். டயரில் ரப்பரைக் கெட்டிப்படுத்த துத்தநாக ஆக்சைடு சேர்ப்பதால், தேய்வில் துத்தநாகம் நூற்றுக்கு ஓரிரு பங்கு இருக்கும். ஆனால் துத்தநாகம் மசகு எண்ணெயிலும், துத்தநாகம் பூசிய இரும்பை உருக்கும் ஆலையிலும், குப்பைப் புகையிலும் உண்டு. டயருக்குத் துத்தநாகத்தோடு பென்சோதயசோல் வகைச் சேர்மங்களையும் பார்க்க வேண்டும்.

பிரேக், டயர் துகள்களில் பெரும்பகுதி 2.5 மைக்ரோமீட்டரைவிடப் பெரியவை. எனவே பி.எம். 10 வடிகட்டியில் இவை நன்றாகத் தெரியும், பி.எம். 2.5-இல் மங்கலாகத்தான் தெரியும். மின்வண்டியில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் தேய்வு குறையும். ஆனால் எடை கூடுவதால் டயர் தேய்வு கூடலாம்.

நிலக்கரி, உலை எண்ணெய், ஆலைகள்

நிலக்கரி என்று பொதுவாகச் சொல்வது தவறான தொடக்கம். மின்நிலையத்தில் மாவாக அரைத்த நிலக்கரி 1400 டிகிரிக்கு மேல் எரியும்போது, அதிலுள்ள களிமண் உருகிக் கண்ணாடி உருண்டைகளாக உறைகிறது. இந்தச் சாம்பலில் சிலிக்கானும் அலுமினியமும்தான் பெரும்பங்கு. வேதிக் கலவையில் இது மண்ணை அப்படியே ஒத்திருக்கும்! தனிமப் பட்டியலை மட்டும் பார்த்தால் பிரிக்கவே முடியாது. மின்னணு நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்: மண் துகள் கோணல்மாணலாக இருக்கும், சாம்பல் உருண்டையாக இருக்கும். வேதியியல்ரீதியாகப் பிரிக்க வேண்டுமென்றால் செலினியத்தையும் ஆர்செனிக்கையும் பார்க்க வேண்டும். உலை வெப்பத்தில் இவை ஆவியாகி, குளிரும்போது நுண்துகளின் மேல் படிகின்றன.

வீட்டு அடுப்பிலும் சிறு கொதிகலனிலும் எரியும் நிலக்கரி முற்றிலும் வேறு. வெப்பம் போதாமல் அரைகுறையாக எரிவதால் கரிமப் பொருள், தனிமக் கார்பன், பல்வளைய ஹைட்ரோகார்பன்கள், குளோரைடு எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். பைசீன் என்ற சேர்மம் நிலக்கரிப் புகைக்கு ஓர் அடையாளம். இரண்டையும் ஒரே நிலக்கரிப் பிரிவாகப் போட்டால், மின்நிலையத்தின் பங்கும் தப்பு, அடுப்பின் பங்கும் தப்பு.

கனரக எண்ணெய் எரிந்தால் வனேடியமும் நிக்கலும் வரும். கப்பல் புகையில் வனேடியம் நிக்கலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது நெடுங்காலம் கைவசம் இருந்த நல்ல அடையாளம். 2020 ஜனவரி 1 முதல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது. எரிபொருள் மாறியது, வனேடியமும் விழுந்தது. 2020-க்கு முந்தைய கலவை விவரத்தை வைத்து இன்று கணக்குப் போட்டால் கப்பலின் பங்கு காணாமல் போய்விடும். கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்படி அடையாளம் அழிந்துபோவது புதிதல்ல. ஒரு காலத்தில் ஈயமும் புரோமினும் பெட்ரோல் வண்டிக்கு அசைக்க முடியாத சாட்சிகள். ஈயச் சேர்மத்தோடு டைபுரோமோஈத்தேனையும் பெட்ரோலில் கலந்ததால் இரண்டும் சேர்ந்தே வெளிவந்தன. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021-இல் அதை நிறுத்தியது. இன்று ஈயம் தெரிந்தால் உலோக உருக்காலை, மின்கல மறுசுழற்சி, நிலக்கரி, குப்பை என்றுதான் தேட வேண்டும். செம்பும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது: கலிபோர்னியாவில் 2025 முதல் பிரேக் பட்டையில் செம்பு 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

மற்ற ஆலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஃகு ஆலை என்றால் இரும்பு, மாங்கனீசு, பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் கூடவே துத்தநாகம். சிமென்ட் என்றால் கால்சியம். அலுமினிய உருக்காலை என்றால் ஃபுளோரைடு. ஈய, செம்பு உருக்காலை என்றால் ஆர்செனிக், காட்மியம். குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்தினால் குளோரைடு, ஆன்டிமனி, துத்தநாகம், ஈயம் கிடைக்கும். பிளாஸ்டிக் எரிந்ததற்கு 1,3,5-டிரைஃபினைல்பென்சீன் என்ற சேர்மம் நல்ல சாட்சி. சமையல் எண்ணெய்ப் புகைக்கு ஓலியிக், பால்மிட்டிக் அமிலங்கள், இறைச்சி வறுத்தால் கொலஸ்ட்ரால். பட்டாசுக்குப் பொட்டாசியத்தோடு ஸ்ட்ரான்சியம், பேரியம், அலுமினியம், மக்னீசியம், பெர்குளோரேட். ஓரிரு நாள் மட்டும் ஸ்ட்ரான்சியமும் பேரியமும் சேர்ந்து துள்ளிக் குதித்தால் வேறு விளக்கம் தேவையில்லை. அந்த நாள்களை மொத்தத் தரவிலிருந்து தனியே எடுத்து வைத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் விறகுக் கணக்கையும் பிரேக் கணக்கையும் அவை சேர்த்தே கெடுக்கும்.

மண்ணுக்கு சிலிக்கான், அலுமினியம், கால்சியம், இரும்பு, டைட்டானியம். புவியோட்டில் அலுமினியம் சுமார் 8 சதவீதம், இரும்பு சுமார் 5 சதவீதம் என்பதால், ஒரு தனிமம் மண்ணிலிருந்துதான் வந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. மாதிரியில் அந்தத் தனிமத்துக்கும் அலுமினியத்துக்கும் உள்ள விகிதத்தை, புவியோட்டில் உள்ள அதே விகிதத்தால் வகுக்க வேண்டும். ஒன்றை ஒட்டி வந்தால் மண். பத்தைத் தாண்டினால் வேறு மூலம் இருக்கிறது. சாலைத் தூசு மட்டும் இதில் தனி ரகம். அது மண், டயர், பிரேக், கசிந்த எண்ணெய், படிந்த புகைக்கரி எல்லாம் கலந்த கூட்டு. அதை ஒரு மூலம் என்று சொல்வதைவிட, மற்ற மூலங்கள் திரும்ப எழும்பும் வழி என்று சொல்வதே பொருத்தம்.

வடிகட்டியிலும் ஆய்வகத்திலும் கெடுகிற இடங்கள்

ஒரே தாளில் எல்லாவற்றையும் அளக்க முடியாது. எடைக்கும் தனிமங்களுக்கும் டெஃப்லான் தாள். கார்பனுக்கும் அயனிகளுக்கும் குவார்ட்ஸ் நார்த் தாள். டெஃப்லானே கார்பன் சேர்மம் என்பதால் அதில் கார்பன் அளக்க வழியில்லை. குவார்ட்ஸ் தாளின் ஓரம் பொடிந்து உதிரும், ஈரத்தையும் வாயுவையும் இழுக்கும், எனவே எடைக்கு ஆகாது. ஆக, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கருவிகள் ஓட வேண்டும்.

நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் இழுத்தால் 24 கன மீட்டர் காற்று. கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம் துகள் இருந்தால் தாளில் படிவது 1.9 மில்லிகிராம்தான். கன மீட்டருக்கு 5 நானோகிராம் ஆர்செனிக் என்றால் தாள் முழுவதிலும் 120 நானோகிராம். இந்த அளவில் கைவிரல் பட்டால்கூட சோடியமும் குளோரைடும் ஏறிவிடும். குவார்ட்ஸ் தாளைப் பயன்படுத்தும் முன் 550 டிகிரியிலோ அதற்கு மேலோ பல மணி நேரம் சுட்டு, சுட்ட அலுமினியத் தாளில் பொதிந்து வைக்க வேண்டும். எடை பார்க்கும் அறையில் வெப்பமும் ஈரப்பதமும் நிலையாக இருக்க வேண்டும். டெஃப்லான் தாளில் ஏறும் நிலைமின்னை நீக்காமல் தராசில் வைத்தால் எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். களத்துக்கு எடுத்துப் போய், கருவியில் பொருத்தி, காற்று இழுக்காமலே திரும்பக் கொண்டுவரும் வெற்றுத் தாள்கள் பத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

அம்மோனியம் நைட்ரேட் தாளில் தங்காது. சூடானால் அம்மோனியாவாகவும் நைட்ரிக் அமிலமாகவும் ஆவியாகிவிடும். கோடையில் டெஃப்லான் தாளில் பாதி நைட்ரேட்கூடப் பறந்துபோகும். நைட்ரேட் முக்கியம் என்றால், வாயு அமிலத்தை முன்கூட்டியே பிடித்துவிடும் டினூடர் குழாயும் அதன் பின்னால் நைலான் தாளும் வைக்க வேண்டும். குவார்ட்ஸில் தலைகீழ்ப் பிரச்சினை: கரிம வாயுக்கள் நாரில் ஒட்டிக்கொண்டு கரிமக் கார்பனைக் கூட்டிக் காட்டும். டெஃப்லான் தாளுக்குப் பின்னால் ஒரு குவார்ட்ஸ் தாளை வைத்தால், அதில் சேர்வது வாயு மட்டுமே. அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கார்பன் அளவீடு தனிக் கதை. தாளிலிருந்து ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் துண்டை வெட்டி, முதலில் ஹீலியத்தில் படிப்படியாகச் சூடாக்கினால் கரிமக் கார்பன் வெளியேறும். பிறகு ஆக்சிஜன் கலந்து சூடாக்கினால் தனிமக் கார்பன் எரியும். சிக்கல் என்னவென்றால், முதல் கட்டத்திலேயே கரிமப் பொருளில் ஒரு பகுதி கருகிக் கரியாகிவிடும். அதைத் திருத்தத்தான் தாளின் மேல் லேசர் ஒளி விழுகிறது. கருகும்போது தாள் கறுக்கும், ஆக்சிஜன் வந்ததும் வெளுக்கும். ஒளி தொடக்க அளவுக்குத் திரும்பும் கணம்தான் இரண்டுக்கும் எல்லைக்கோடு. பிரதிபலிக்கும் ஒளியைப் பார்ப்பதா, ஊடுருவும் ஒளியைப் பார்ப்பதா, ஹீலியத்தில் 580 டிகிரி வரை போவதா, 870 வரை போவதா என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரே தாளில் இரண்டு நெறிமுறைகள் தரும் தனிமக் கார்பன் இரண்டு மடங்குவரை வேறுபடலாம். விறகுப் புகை அதிகமுள்ள தாளில் வேறுபாடு இன்னும் கூடும். எந்த நெறிமுறை என்று சொல்லாத தனிமக் கார்பன் எண்ணை வேறோர் ஆய்வின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. தாளில் தனிமக் கார்பன் சதுர சென்டிமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஒளி ஊடுருவாது, எல்லைக்கோடே அர்த்தமிழந்துவிடும்.

தனிமங்களுக்கு எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை தாளைக் கெடுக்காது, சிலிக்கானையும் அளக்கும். சோடியம், மக்னீசியம் போன்ற லேசான தனிமங்களில் மட்டும் திணறும். பிளாஸ்மா நிறை நிறமாலை முறை நானோகிராம்களுக்கு ஏற்றது. ஆனால் தாளை அமிலத்தில் கரைக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் மட்டும் கரைத்தால் சிலிக்கேட் கரையாமல் அடியில் தங்கும், அலுமினியமும் டைட்டானியமும் குறைவாக வரும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்தால் கரையும், ஆனால் சிலிக்கான் ஆவியாகிப் போய்விடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் வேறொரு வம்பு: பிளாஸ்மாவில் ஆர்கானும் குளோரினும் ஒட்டி 75 நிறையில் ஒரு துண்டு உருவாகும். ஆர்செனிக்கின் நிறையும் அதே 75. இல்லாத ஆர்செனிக் இருப்பதாகத் தெரியும். மோதல் அறை (இப்படி ஒட்டிய துண்டுகளை விலக்கும் பகுதி) இல்லாத கருவியில் இதைக் கவனிக்காமல் விட்டால், நிலக்கரிதான் காரணம் என்று ஒரு பொய் முடிவுக்குப் போய்விடலாம்.

எடை நிறைவுச் சோதனை

அளந்த கூறுகளைக் கூட்டினால் தராசு காட்டிய எடை வருகிறதா? கணினி மாதிரிக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டே தீர வேண்டும். தராசு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சல்பேட் 12, நைட்ரேட் 8, கரிமக் கார்பன் 16, தனிமக் கார்பன் 5, குளோரைடு 1. மண் தனிமங்களில் அலுமினியம் 1.0, சிலிக்கான் 2.4, கால்சியம் 1.2, இரும்பு 0.9, டைட்டானியம் 0.08.

சல்பேட்டை 1.375-ஆல் பெருக்கினால் அம்மோனியம் சல்பேட் 16.5. நைட்ரேட்டை 1.29-ஆல் பெருக்கினால் அம்மோனியம் நைட்ரேட் 10.3. கரிமக் கார்பனோடு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டியிருப்பதால், நகர்ப்புறக் காற்றுக்கு 1.6-ஆல் பெருக்கி 25.6. பழைய காற்றென்றால் 2 அல்லது சற்று மேல். மண்ணுக்கு 2.20 மடங்கு அலுமினியம், 2.49 மடங்கு சிலிக்கான், 1.63 மடங்கு கால்சியம், 2.42 மடங்கு இரும்பு, 1.94 மடங்கு டைட்டானியம் கூட்டினால் 12.5. இந்தக் கெழுக்கள் தனிமங்களை ஆக்சைடுகளாக மாற்றுவதோடு, அளக்காத மற்ற மண் கூறுகளையும் ஈடுகட்டுகின்றன. கடல் உப்புக்குக் குளோரைடு மடங்கு 1.8. எல்லாம் கூட்டினால் 71.7, அதாவது தராசு எடையில் 90 சதவீதம். மீதி பெரும்பாலும் நீர். 80 முதல் 120 சதவீதத்துக்குள் வந்தால் நகரலாம். 60 வந்தால் ஏதோ ஒன்றை அளக்கவில்லை. 130 வந்தால் பெரும்பாலும் கரிமக் கார்பனில் வாயு ஒட்டியிருக்கிறது.

அம்மோனியத்தையும் சரிபார்க்க வேண்டும். மேலே உள்ள சல்பேட்டுக்கும் நைட்ரேட்டுக்கும் சேர்த்து 6.8 மைக்ரோகிராம் அம்மோனியம் வேண்டும். அளந்தது 5 என்றால், துகள் அமிலத்தன்மை கொண்டது, அல்லது நைட்ரேட்டில் ஒரு பகுதி அம்மோனியத்தோடு இல்லாமல் கால்சியத்தோடும் சோடியத்தோடும் சேர்ந்திருக்கிறது. குளோரைடு உண்மையில் கடலிலிருந்துதானா? கடல்நீரில் குளோரைடு சோடியத்தைப்போல் 1.8 மடங்கு (மேலே உப்புக்குப் போட்ட கெழுவும் 1.8 என்பது தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம்). அதைவிட அதிகமென்றால் குப்பையோ நிலக்கரியோ பயிர்த் தாளோ எரிகிறது. குறைவென்றால் உப்பு பழசாகியிருக்கிறது: நைட்ரிக் அமிலம் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு குளோரினை விரட்டிவிட்டது. பொட்டாசியத்துக்கும் இதே சோதனை. மொத்தம் 1.1 என்றால், இரும்பின் 0.6 மடங்கான 0.54 மண்ணுக்குப் போகும். மிச்சம் 0.56தான் புகைக்கு வாய்ப்புள்ள பொட்டாசியம்.

மூலங்களைப் பிரிக்கும் கணக்கு

வழிகள் இரண்டு. வேதி நிறைச் சமநிலை முறையில் மூலங்களின் கலவை விவரம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் அளவும், எல்லா மூலங்களின் பங்கையும் அந்தந்த மூலத்தில் அப்பொருளின் வீதத்தோடு பெருக்கிக் கூட்டியதற்குச் சமம் என்று சமன்பாடுகள் எழுதி, அளவீட்டுப் பிழைகளைக் கணக்கில் கொண்டு தீர்க்கிறார்கள். ஒரே ஒரு மாதிரியிலும் இது வேலை செய்யும். இதன் பலவீனம் கலவை விவரம்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஸ்பெசியேட் தொகுப்பில் ஆயிரக்கணக்கான விவரங்கள் கிடைக்கின்றன. ஆனால் வேறு எரிபொருள், வேறு அடுப்பு, வேறு மண்ணில் எடுத்த விவரம் உங்கள் காற்றுக்குப் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மண்ணையும் சாலைத் தூசையும் உள்ளூரிலேயே வாரி, உலர்த்தி, சலித்து, அறைக்குள் கிளப்பிவிட்டு பி.எம். 2.5 கருவியில் பிடிப்பது அதிகச் செலவில்லாத வேலை. அதையாவது செய்துவிட வேண்டும். புகைபோக்கியில் எடுக்கும்போது சூடான புகையை நேராக வடிகட்டக் கூடாது. பாதி ஆவியாகும் கரிமப் பொருள்கள் அந்தச் சூட்டில் வாயுவாகவே தாளைக் கடந்துவிடும். சுத்தக் காற்றோடு கலந்து ஆறவைத்த பிறகு பிடித்தால்தான் வெளிக்காற்றில் உருவாகும் துகளுக்கு நெருங்கிய கலவை கிடைக்கும்.

இரண்டாவது, பி.எம்.எஃப். என்று சுருக்கி அழைக்கப்படும் நேர்மக் காரணிப் பகுப்பு. 1994-இல் பாத்தெரோ, டாப்பர் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்தது. இதற்குக் கலவை விவரம் முன்கூட்டி வேண்டாம், ஆனால் தாள் மாதிரிகள் நூறுக்குக் குறையக் கூடாது. எந்தெந்தப் பொருள்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பார்த்து அதுவே காரணிகளைப் பிரிக்கும். அவற்றுக்குப் பெயர் வைப்பது ஆள்தான். இங்கேதான் கற்பனை புகுந்துவிடும். காற்று அடங்கிய நாளில் எல்லா மூலங்களும் சேர்ந்தே ஏறும், அதை இந்தக் கணினிக் கணக்கு ஒரே மூலமாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஒவ்வோர் எண்ணோடும் அதன் பிழை அளவையும் நேர்மையாகக் கொடுக்காவிட்டால் விடை கந்தல்தான். கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ள மதிப்புகளுக்கு அந்த எல்லையில் பாதியையும், பிழையாக எல்லையில் ஆறில் ஐந்து பங்கையும் போடுவது வழக்கம். காரணி எண்ணிக்கையை ஐந்திலிருந்து எட்டுவரை மாற்றி மாற்றி ஓட்டி, மறுமாதிரிச் சோதனையில் (தரவைக் கலைத்து மீண்டும் மீண்டும் எடுத்து ஓட்டிப் பார்ப்பதில்) நிலைக்காத காரணியைத் தூக்கிவிட வேண்டும்.

எந்த முறையானாலும், வண்ண வட்டப்படத்தில் வாகனம் 23 சதவீதம் என்று போட்டு, கூடக்குறைய எவ்வளவு என்று சொல்லாத அறிக்கையை நம்பாதீர்கள். அதே படத்தில் இரண்டாம் நிலைத் துகள் 35 சதவீதம் என்று தனித் துண்டு இருந்தால், அந்த 35-க்குள்ளும் வாகனத்தின் நைட்ரஜன் ஆக்சைடும், மின்நிலையத்தின் சல்ஃபர் டை ஆக்சைடும், உரத்திலிருந்தும் கால்நடைச் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியாவும் ஒளிந்திருக்கின்றன. அதைப் பங்கிட வேதிக் கலவை போதாது. உமிழ்வுப் பட்டியலோடு கூடிய காற்றுப் போக்குவரத்து மாதிரி வேண்டும்.

கையில் பணம் குறைவு என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: எடை, அயனிகள், கார்பன், எக்ஸ்-கதிர் தனிமங்கள். இந்த நான்கும் இருந்தால் எடை நிறைவுக் கணக்கு முடியும், மண், கடல் உப்பு, இரண்டாம் நிலை உப்புகள் ஆகியவற்றின் அளவு தெரிந்துவிடும். அடுத்து லெவோகுளூகோசான். விறகுச் சந்தேகத்தைத் தீர்க்க இதற்குச் செலவழிப்பது வீண்போகாது. ஹோப்பேன், ஸ்டெரேன் எல்லாம் அதற்குப் பிறகு. கார்பன்-14 கடைசி: பெட்ரோலியத்திலும் நிலக்கரியிலும் அது சிதைந்து தீர்ந்துபோயிருக்கும், விறகில் இருக்கும், ஆகவே தாளிலுள்ள கார்பனில் எவ்வளவு புதைபடிவம் என்பதை அது நேரடியாகச் சொல்லிவிடும். அதற்குப் பணம் வரும்வரை, வெட்டியது போக மீதமுள்ள குவார்ட்ஸ் தாளை மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்துப் பத்திரப்படுத்துங்கள். 47 மில்லிமீட்டர் தாளில் படிவுள்ள பரப்பு சுமார் 12 சதுர சென்டிமீட்டர். கார்பனுக்கு வெட்டிய துண்டு அதில் எட்டில் ஒரு பங்குதான்.